பின்வாங்குதலைப் படிக்கப் பழைய மொழிபெயர்ப்பு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

தமிழ்ச் சபைகளில் "பழைய மொழிபெயர்ப்பு" என்றால் எந்த வேதாகமம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து திருத்தி, 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு அது. இன்று இந்திய வேதாகமச் சங்கம் அச்சிட்டு விற்கிறது. கைபேசிச் செயலிகளிலும் பெரும்பாலும் இதுவே. ஆராதனையில் வாசிக்கவும், வசனம் மனப்பாடம் செய்யவும், ஜெபிக்கும்போது நாவில் வரவும் அதற்குப் போட்டி கிடையாது. இங்கே மதிப்பிடுவது, தொடர்புள்ள வேறு வசனங்களை ஓரத்தில் காட்டும் அதன் ஒத்துவாக்கியப் பதிப்பை, ஒரே ஒரு வேலைக்காக: விசுவாசத்தில் நிலைநிற்பது, பின்வாங்கிப்போவது என்ற பொருளை வசனம் வசனமாக ஆராய இந்தப் புத்தகம் ஒன்று போதுமா?

போதாது. ஆனால் இது இல்லாமலும் முடியாது.

இந்தப் பொருளில் நம் சபைகள் ஒரே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. சகோதர (பிரதரன்) சபைகளில், மறுபடி பிறந்தவன் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை என்பார்கள்; யோவான் 10:28 சாட்சி. பெந்தெகொஸ்தே மேடையில், விழுந்துபோவதைப் பற்றி எச்சரிக்கும் எபிரெயர் நிருபம் 6ஆம் அதிகாரம் எடுக்கப்பட்டால் பின்வரிசைவரை அமைதியாகிவிடும். தென்னிந்தியத் திருச்சபையின் நிலை இன்னும் சுவாரசியம். 1947இல் அதற்குள் வந்த பிரஸ்பித்தேரியன் மரபு, தேவன் தெரிந்துகொண்டவர்கள் முடிவுவரை காக்கப்படுவார்கள் என்ற டார்ட் சங்கத்தின் (சீர்திருத்த சபைகளின் கூட்டம், 1618–19) முடிவை ஏற்றது. கூடவே வந்த மெதடிஸ்ட் மரபோ, மெய்யான விசுவாசியும் விழுந்துபோகக்கூடும் என்று போதித்த வெஸ்லியின் வழி. ஒரே கூரை, ஒரே வேதாகமம், இரண்டு பதில். அதனால் மொழிபெயர்ப்பில் எந்தச் சொல் எங்கே விழுந்திருக்கிறது என்பது வெறும் பண்டிதர் சமாச்சாரம் அல்ல.

முதலில் எபிரெயர் 6:4–6. பழைய மொழிபெயர்ப்பில் இப்படி: "ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டும், பரமஈவை ருசிபார்த்தும், பரிசுத்த ஆவியைப் பெற்றும், தேவனுடைய நல்வார்த்தையையும் இனிவரும் உலகத்தின் பெலன்களையும் ருசிபார்த்தும், மறுதலித்துப்போனவர்கள்..." என்று தொடங்கி, அவர்களைப் புதுப்பிக்கிறது "கூடாதகாரியம்" என்று முடியும். கிரேக்கத்தில் "கூடாது" என்பது 4ஆம் வசனத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. தமிழ் வாக்கியத்தில் பயனிலை கடைசியில் என்பதால், மூன்று வசனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து அந்தச் சொல்லில் மோதுகிறோம். சத்தமாக வாசித்துப் பார்த்தால் அதன் கனம் தெரியும்.

மெச்ச வேண்டியவை இரண்டு. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் இங்கே "விழுந்துபோனால்" என்று ஒரு நிபந்தனையை நுழைத்தது. கிரேக்கத்தில் அந்த "ஆல்" இல்லை. முன்னே வந்த நான்கு வினையெச்சங்களின் வரிசையிலேயே ஐந்தாவதாக நிற்கும் சொல் அது. "இது நடக்கவே நடக்காத ஒரு கற்பனைதான்" என்று ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடியவர்கள் பலர். தமிழ்க் குழு அந்தப் பள்ளத்தில் விழவில்லை. அடுத்தது "ருசிபார்த்தும்". நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டார்கள், விழுங்கவில்லை என்று இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஆனால் இதே நிருபம் 2:9இல் இயேசு ஒவ்வொருவருக்காகவும் "மரணத்தை ருசிபார்க்கும்படிக்கு" வந்தார் என்கிறது. கிரேக்கத்தில் ஒரே வினை. தமிழிலும் ஒரே வினை. அவர் மரணத்தை நுனிநாக்கில் மட்டும் வைத்துப் பார்த்தார் என்று எவரும் சொல்லமாட்டார்கள். வேறு உதவி எதுவும் இல்லாமல், தமிழை மட்டும் வைத்தே ஒரு சாமானிய வாசகர் இந்த இணைப்பைக் கண்டுபிடிக்கலாம்.

இனி இடிக்கும் இடங்கள். முதலில் "பெற்றும்". மூலத்தில் இருப்பது "பங்குள்ளவர்கள்" என்ற பெயர்ச்சொல். 3:1இல் "பரம அழைப்புக்குப் பங்குள்ளவர்களாகிய" என்றும், 3:14இல் "கிறிஸ்துவினிடத்தில் பங்குள்ளவர்களாயிருப்போம்" என்றும் சரியாக வைத்துவிட்டு, 6:4இல் "பரிசுத்த ஆவியைப் பெற்றும்" என்று மாற்றிவிட்டார்கள். பெந்தெகொஸ்தே வாசகருக்கு "ஆவியைப் பெறுதல்" என்றால் ஒரு குறிப்பிட்ட அனுபவம். வசனம் சொல்லாத ஒன்றை அவர் அங்கே கேட்டுவிடுகிறார். தமிழ் "உம்" வேறு ஒரு வேலை பார்க்கிறது. "படித்தும் தேறவில்லை" என்றால் படித்த பிறகும்கூட என்ற ஆதங்கம் அதில் ஏறிவிடும். கிரேக்கத்தில் இருப்பது வெறும் அடுக்கு. தமிழில் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. இதை மொழிபெயர்ப்பாளர் தவறு என்று சொல்ல முடியாது, தமிழின் இயல்பு. தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

பெரிய சிக்கல் "மறுதலித்துப்போனவர்கள்". தமிழ்க் கிறிஸ்தவருக்கு மறுதலிப்பு என்றதும் பேதுருதான் கண்முன் வருவார்: "நீ என்னை மூன்றுதரம் மறுதலிப்பாய்." சுவிசேஷங்களில் அந்தச் சொல் சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் எபிரெயர் 6:6இல் உள்ள கிரேக்கச் சொல் அது அல்ல. புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில் மட்டும் வரும் "பராபிப்தோ". இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டதால், மறுதலித்த பேதுரு திரும்ப எடுக்கப்பட்டார், மறுதலித்தவர்களைப் புதுப்பிப்பது கூடாதகாரியம் என்று இரண்டு வசனங்கள் நேருக்கு நேர் முட்டுகின்றன. அந்த முட்டல் மூலத்தில் இல்லை. பராபிப்தோவின் எடையை அறிய எசேக்கியேலின் கிரேக்க மொழிபெயர்ப்புக்குப் போகவேண்டும்: 14:13இலும் 15:8இலும் அந்த வினை வருகிறது. அதே இடங்களில் நம் பழைய மொழிபெயர்ப்பு போட்டிருக்கும் சொல் "துரோகம்". எபிரெயர் 6:6க்கும் அதுவே பொருத்தமாக இருந்திருக்கும். முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது பயத்தில் வாய்தவறியது வேறு. தெரிந்தே உடன்படிக்கையை முறித்துக்கொண்டு போவது வேறு.

அடுத்து பின்வாங்குதல் என்ற சொல்லே. லூக்கா 8:13இல் கற்பாறையின்மேல் விழுந்த விதை "சோதனைகாலத்தில் பின்வாங்கிப்போகிறார்கள்". எபிரெயர் 3:12இல் "ஜீவனுள்ள தேவனைவிட்டு விலகுவதற்கேதுவான" இருதயம். 1 தீமோத்தேயு 4:1இல் சிலர் விசுவாசத்தை விட்டு "விலகிப்போவார்கள்". இம்மூன்றும் கிரேக்கத்தில் ஒரே வினை, "அஃபிஸ்டேமி". 2 தெசலோனிக்கேயர் 2:3இல் வரும் "விசுவாசதுரோகம்" அதே வேரிலிருந்து பிறந்த பெயர்ச்சொல். அப்படியானால் எபிரெயர் 10:38இல் "பின்வாங்கிப்போவானானால்" என்பதும் இதே வினைதானே என்று நினைத்தால், இல்லை. அங்கே இருப்பது "ஹுபொஸ்டெல்லோ", அஞ்சி ஒதுங்குவது, ஒடுங்கிக்கொள்வது. அந்த வினை கலாத்தியர் 2:12இல், விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து பேதுரு பந்தியைவிட்டு ஒதுங்கியபோது வருகிறது. அங்கே தமிழ் "விலகி" என்கிறது. ஆக லூக்காவின் விலகல் பின்வாங்கலாகவும், கலாத்தியரின் பின்வாங்கல் விலகலாகவும் இடம் மாறிக் கிடக்கின்றன, வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கலந்ததுபோல. தமிழ்ச் சொல்லைத் தேடிப் பட்டியல் போட்டு, அதை வைத்துப் பிரசங்கம் தயாரிப்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது.

இந்த 10:38இல் இன்னொரு தடங்கலும் உண்டு. ஒத்துவாக்கியம் காட்டும் ஆபகூக் 2:4க்குப் போனால், "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்பது கிடைக்கும். பின்வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடைக்காது, "அகங்காரி" என்றுதான் இருக்கும். அச்சுப்பிழை இல்லை. நிருபத்தை எழுதியவர் பயன்படுத்தியது பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பை; நம் ஆபகூக் எபிரெய மூலத்திலிருந்து வந்தது. இதை ஓரக்குறிப்பில் ஒரு வரி சொல்லியிருந்தால் எத்தனையோ வேதபாட வகுப்புகளில் அரைமணி நேரம் மிச்சமாகும்.

நிலைநிற்பதற்கான சொல் எங்கே போனது? பாதி "பொறுமை"க்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. மத்தேயு 24:13இல் "முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்" என்று வினையாக வரும்போது அருமையாகத் தமிழாக்கியவர்கள், அதன் பெயர்ச்சொல் "ஹுபொமொனே" வரும்போது பெரும்பாலும் பொறுமை என்று வைத்துவிட்டார்கள். "உபத்திரவம் பொறுமையை" உண்டாக்குகிறது, வாக்குத்தத்தத்தைப் பெறப் "பொறுமை உங்களுக்கு வேண்டியதாயிருக்கிறது", நமக்கு நியமித்திருக்கிற ஓட்டத்தில் "பொறுமையோடே ஓடக்கடவோம்". பொறுமையோடே எப்படி ஓடுவது? அரசுப் பேருந்துக்குக் காத்திருக்கத் தேவை பொறுமை. ஓட்டத்துக்குத் தேவை விடாப்பிடி. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இங்கே "மனவுறுதி" என்ற சொல்லைப் பிடித்து, ரோமர் 5:3இலும் எபிரெயர் 12:1இலும் அதையே வைத்திருக்கிறது. இந்த ஒரு சொல்லுக்காகவே அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கச் சபைக்காரர்கள் வாசிப்பது என்று சிலர் கையில் எடுக்கத் தயங்குவார்கள்; புதிய ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் இருப்பது அதே 27 புத்தகங்கள்தான்.

பழைய மொழிபெயர்ப்பு முழு மதிப்பெண் வாங்கும் சொல் ஒன்று உண்டு: "நிலைத்திரு". யோவான் 8:31இல் உபதேசத்தில் நிலைத்திருத்தல், 15:4இல் "என்னில் நிலைத்திருங்கள்", 1 யோவான் 2:19இல் "நம்முடையவர்களாயிருந்தார்களானால் நம்முடனே நிலைத்திருப்பார்களே". யோவானின் எழுத்துகளில் இந்தச் சங்கிலியின் கண்ணி அறுபடாமல் இருப்பதால், பிரிந்துபோனவர்களைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதை வேறு கருவி இல்லாமலே பின்தொடரலாம்.

கப்பல் உவமையில் கொஞ்சம் நஷ்டம். எபிரெயர் 2:1இல் "விட்டு விலகாதபடிக்கு" என்று இருக்கும் வினை, மூலத்தில் நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு போவதைக் குறிப்பது. கயிறு அவிழ்ந்த படகு சத்தமில்லாமல் துறையைத் தாண்டிப்போவது போன்ற சித்திரம். அது தமிழில் போய்விட்டதால், 6:19இல் "ஆத்தும நங்கூரம்" வரும்போது எதற்கு நங்கூரம் என்று விளங்குவதில்லை.

கோட்பாட்டு வாதத்தில் எல்லாவற்றையும்விடக் கனமானது 3:14. "நம்பிக்கையை முடிவுபரியந்தம் உறுதியாய்ப் பற்றிக்கொண்டிருப்போமாகில், கிறிஸ்துவினிடத்தில் பங்குள்ளவர்களாயிருப்போம்." எதிர்காலம். கிரேக்கத்திலோ அது முற்றுப்பெற்ற காலம்: பங்குள்ளவர்கள் ஆகியிருக்கிறோம், முடிவுவரை பற்றிக்கொண்டிருந்தால். கைக்கு வந்துவிட்ட பங்கு மெய்தானா என்று பற்றிக்கொள்ளுதல் காட்டிக்கொடுக்கிறதா, இல்லை பற்றிக்கொண்டால்தான் பங்கே கிடைக்கிறதா? டார்ட் கட்சி முதலாவதைச் சொல்லும். தமிழ் எழுத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் தெரியும். வாதம் இதோடு தீர்ந்துவிடாது. 6ஆம், 10ஆம் அதிகாரங்கள் இன்னும் அங்கேயே நிற்கின்றன. ஆனால் தமிழ் வாசகர் ஒரு பக்கத்தின் பலமான சாட்சியைப் பார்க்காமலே பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்.

வாங்கும்போது: இந்த வேலைக்கு ஒத்துவாக்கியம் இல்லாத சாதாரணப் பதிப்பு உதவாது. இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பெழுத்தில் அச்சிட்ட பதிப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கவும் வேண்டாம். நிருபங்களைப் படிப்பவருக்கு அதனால் அவ்வளவாகப் பிரயோஜனமில்லை. கடையில் நின்றபடியே எபிரெயர் 3:7, 3:17, 10:38, 12:17 ஆகிய நான்கு இடங்களைத் திருப்புங்கள். ஓரத்தில் முறையே சங்கீதம் 95, எண்ணாகமம் 14, ஆபகூக் 2, ஆதியாகமம் 27 இருக்கவேண்டும். நான்கில் இரண்டு இல்லையென்றால் வேறு பதிப்பைக் கேளுங்கள். கண்ணாடி போடாமல் அந்த ஓர எழுத்து தெரிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். தாள் மெல்லியது, ஜெல் பேனா மறுபக்கம் தெரியும், கூர்சீவிய பென்சில் கீறும். மழுங்கிய வண்ணப் பென்சில்தான் சரி. எபிரெயரில் எச்சரிக்கைப் பகுதிகள் ஐந்து: 2:1–4, 3:7–4:13, 5:11–6:12, 10:26–39, 12:14–29. இவற்றுக்கு ஒரு நிறம், ஒவ்வொன்றின் உள்ளேயோ அடுத்தோ வரும் தேற்றரவுக்கு வேறு நிறம் என்று தீட்டினால், 6:9இன் "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும்" என்பது கண்ணில் படாமல் போகாது. 6:6ஐ மட்டும் வெட்டியெடுத்துப் பேசுபவர்கள் வழக்கமாகத் தாண்டிப்போகும் வசனம் அது.

செயலியில் தேடுபவர்களுக்கு ஒரு தொழில்நுட்பத் தொல்லை. "பின்வாங்கி" என்று தட்டினால் 10:38 வரும், அடுத்த வசனத்தின் "பின்வாங்குகிறவர்களாயிராமல்" வராது. விகுதியை விட்டுவிட்டுப் "பின்வாங்" என்று நிறுத்துங்கள். எழுத்துத்தொடரைத் தேடும் செயலிகளில் இரண்டும் சிக்கும். "விலக" என்று தட்டினால் விலகி, விலகு எல்லாம் வரும், கூடவே "விலக்கி"யும் கும்பலாக வந்து சேரும், கையால்தான் களையவேண்டும். "துரோக" என்று தேடினால் எசேக்கியேல் பகுதிகள் கிடைப்பது கூடுதல் லாபம். கிரேக்கச் சொல்லைத் தொடர, எண் போட்ட ஸ்ட்ராங் அகராதி இணையத்தில் இலவசம்: அஃபிஸ்டேமி 868, பராபிப்தோ 3895, ஹுபொஸ்டெல்லோ 5288, ஹுபொமொனே 5281, பங்குள்ளவர் 3353. கிரேக்க எழுத்து தெரியாவிட்டாலும் எண்ணைப் பிடித்துக்கொண்டு போகலாம். இந்த ஐந்து எண்களை எபிரெயர் முதல் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவைத்தால் வேலையில் முக்கால்வாசி முடிந்தது.

யாருக்கு இது ஆகாது என்றும் சொல்லவேண்டும். நான் விழுந்துவிட்டேன், எனக்கு இனி மன்னிப்பு கிடையாது என்ற பயத்தோடு ராத்திரியில் இந்த நிருபத்தைத் தனியாகத் திறப்பவருக்கு, பழைய மொழிபெயர்ப்பின் 12:17 கடினமான இடம். ஏசா "கண்ணீர்விட்டு, கவலையோடே தேடியும் மனம் மாறுதலைக் காணாமற்போனான்." ஒருவன் அழுது அழுது மனந்திரும்புதலைக் கேட்டான், தேவன் கொடுக்கவில்லை என்றுதான் தமிழில் காதில் விழும். கிரேக்கத்தில் "தேடியும்" என்பதற்குச் செயப்படுபொருளாக நிற்கும் பிரதிப்பெயர் "ஆசீர்வாதம்" என்ற சொல்லோடும் பொருந்தும். அதே வசனத்தின் முற்பாதியில் அவன் விரும்பியதாகச் சொல்லப்படுவதும் ஆசீர்வாதமே. ஓரத்தில் இருக்கும் ஆதியாகமம் 27க்குப் போய் 34ஆம், 38ஆம் வசனங்களைப் பாருங்கள். ஏசா சத்தமிட்டு அழுகிறான். தகப்பனிடம் அவன் கேட்பது "என்னையும் ஆசீர்வதியும்" என்பதை மட்டும். சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, கூழுக்கு விற்றதற்காகத் தன்னை நொந்துகொள்ளும் ஒரு வார்த்தையும் அந்த அழுகையில் இல்லை.